வடசென்னையிலிருந்து ஒரு நாள் மலை: ஏலகிரியா, ஏற்காடா, ஜவ்வாதா, திருமலையா?

ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. ஆறேழு பேர் செட்டு. கொஞ்சம் மலையேற வேண்டும், கொஞ்சம் ஊர் சுற்ற வேண்டும், திங்கள் காலையில் அவரவர் வேலைக்குப் போய்விட வேண்டும். ராயபுரத்திலோ கொடுங்கையூரிலோ இந்தப் பேச்சு கிளம்பினால் ஏலகிரி, ஏற்காடு, ஜவ்வாது என்று மூன்று பெயர்கள் வரிசையாக வரும். திருமலையை யாரும் சொல்ல மாட்டார்கள். அதைக் கோயில் கணக்கில் ஒதுக்கிவிடுவது பழக்கம். ஆனால் தங்குமிடம், கடைத்தெரு, காட்டுப்பாதை, அருவி என்று எல்லாம் உள்ள மலையூர்களில் வடசென்னைக்கு மிகப் பக்கம் அதுதான். அதனால் இங்கே நான்கையும் வைத்துப் பார்க்கிறோம்.

கிலோமீட்டரை வைத்து முடிவெடுத்தால் ஏமாந்து போவீர்கள். வீட்டுக் கதவைச் சாத்தியதிலிருந்து திரும்பித் திறக்கும்வரை உள்ள நேரத்தில், மலையில் கால் பதிந்திருப்பது எத்தனை மணி என்பதே சரியான அளவு. அந்த அளவில் மிகத் தொலைவான ஏற்காடு முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. எப்படி என்று பின்னால் பார்க்கலாம்.

இன்னொன்று, எந்தப் பக்கமாக ஊரைவிட்டு வெளியேறுகிறோம் என்பது. பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடிக்க மாதவரம், பாடி, மதுரவாயல், பூந்தமல்லி என்று நகரத்தின் மேற்கு விளிம்பைத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன்பே எண்ணூர், மணலி, தண்டையார்பேட்டைச் சாலைகளில் கன்டெய்னர் லாரி வரிசை காத்திருக்கும். துறைமுக லாரிகளுக்கு ஞாயிறு, விடியற்காலை என்ற வேறுபாடு கிடையாது. எண்ணூர், மீஞ்சூர் பக்கத்தவர்களுக்கு வெளிவட்டச் சாலை நல்ல வழி. மீஞ்சூரில் ஏறினால் நசரத்பேட்டையில் பெங்களூரு சாலையைத் தொட்டுவிடலாம். சுங்கம் உண்டு, சிக்னல் இல்லை. ஆனால் திருப்பதிப் பக்கம் போவதற்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. மாதவரம் புறநகர்ப் பேருந்து நிலையம் 2018-இல் திறந்ததிலிருந்து ஆந்திரப் பேருந்துகள் அங்கேயே கிடைக்கின்றன. சொந்த வண்டி என்றால் ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டி, ஜனப்பன்சத்திரத்தில் இடதுபுறம் திரும்பினால் பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், புத்தூர் வழியாகத் திருப்பதி. தென்சென்னைக்காரர் கோயம்பேட்டைத் தாண்டுவதற்குள் நீங்கள் ஊத்துக்கோட்டையில் டீ குடிக்கலாம். ஆடி மாத ஞாயிறுகள் மட்டும் விதிவிலக்கு. பெரியபாளையம் பவானியம்மன் கோயில் கூட்டத்தில் அந்தச் சாலை நகராது. அப்போது திருவள்ளூர், திருத்தணி வழியாகப் போவதே நல்லது. ஆடிக்கிருத்திகை நாளில் திருத்தணியும் அடைபடும் என்பதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏலகிரி: எல்லாருக்கும் ஒத்துவரும் மலை

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜோலார்பேட்டைக்கு மேலே, சுமார் 1,110 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே பொன்னேரி கூட்டுச் சாலையிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். மேப்பில் வெறுமனே ‘பொன்னேரி’ என்று போட்டுவிடாதீர்கள், மீஞ்சூரை அடுத்த பொன்னேரிக்கு வழி காட்டும். ‘அத்தனாவூர்’ என்று போடுங்கள். மலைமேல் கடை, ஓட்டல், பேருந்து நிறுத்தம் எல்லாம் அத்தனாவூரில்தான். புங்கனூர் ஏரிப் படகும் இயற்கைப் பூங்காவும் அதை ஒட்டியே இருக்கின்றன.

மலையேற்றம் என்றால் சுவாமிமலை. மங்கலம் கிராமத்திலிருந்து ஒரு வழிக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர். உச்சி 1,300 மீட்டருக்குச் சற்று மேல். ஊரே ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் நீங்கள் உண்மையில் ஏறுவது 250 மீட்டர் வாக்கில்தான். பழக்கமில்லாதவரும் ஒன்றரை மணி நேரத்தில் மேலே போய்விடலாம். சிரமம் இறங்கும்போதுதான். பாதையில் உருளும் சிறு சரளைக் கற்கள் இருக்கின்றன. அடிப்பாகம் தேய்ந்த கேன்வாஸ் ஷூவும் ரப்பர் செருப்பும் அங்கே வழுக்கும். குதிகாலை ஊன்றி இறங்காமல், முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தை முழுதாக வைத்து, செங்குத்தான இடங்களில் பக்கவாட்டில் திரும்பி இறங்க வேண்டும். பாதையில் தண்ணீர் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர், மார்ச்சுக்கு மேல் மூன்று லிட்டர், அத்தனாவூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

நினைத்த நேரத்தில் ஏறிவிட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு, தமிழகத்தில் காட்டுக்குள் நடைப்பயணத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் சுவாமிமலையும் ஒன்று. இணையத்தில் முன்பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கூடவே வருவார். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீக்காலம் என்று நிறுத்திவிடுகிறார்கள். பதிவில் எத்தனை மணிக்கு வரச் சொல்கிறார்கள் என்று பார்த்த பிறகே ரயில் டிக்கெட்டில் கை வையுங்கள். காலை ரயிலில் போய் ஒன்பதே கால் மணிக்கு ஜோலார்பேட்டையில் இறங்குகிறவர், ஏழு மணி நடைக்குப் பதிவு செய்திருந்தால் பணம் போனதுதான்.

இனி ரயில். ‘ஏலகிரி எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது விடிகாலையில் ஜோலார்பேட்டையில் கிளம்பிச் சென்னை வந்து, மாலையில் சென்ட்ரலிலிருந்து திரும்பும் வண்டி. சென்னைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கானது. நமக்கு உதவுவது காலை ஆறு மணியை ஒட்டி சென்ட்ரலில் புறப்படும் கோவை எக்ஸ்பிரஸ். மெட்ரோ முதல் வண்டி ஐந்து மணிக்கு. விம்கோ நகரிலோ திருவொற்றியூரிலோ அதைப் பிடித்தால் நடைமேடைக்கு வர நேரம் சரியாக இருக்கும், இட்லி வாங்க நேரம் இருக்காது. அடுத்தது பிருந்தாவன். அது ஜோலார்பேட்டைக்கு வரும்போதே பத்தரை ஆகிவிடுவதால் மலையேற்றத்துக்கு ஆகாது, ஏரியும் பூங்காவும் போதும் என்கிறவர்களுக்கு ஆகும். பெரம்பூர்வாசிகள் டிக்கெட் எடுக்கும்போதே நிறுத்தத்தைச் சரிபாருங்கள்: எல்லா வண்டியும் பெரம்பூரில் இரு திசையிலும் நிற்பதில்லை. இரவு ரயில்களும் இருக்கின்றன, நள்ளிரவுக்கு மேல் ஒன்று, இரண்டு மணிக்கு இறக்கிவிடும். முதல் பேருந்து வரை பெஞ்சில் கொசுக்கடிதான்.

சொந்த வண்டியில் என்றால் தண்டையார்பேட்டையிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். அதிகாலை மூன்றரைக்குள் கிளம்பினால்தான் எட்டு மணிக்கு மங்கலத்தில் நிற்கலாம். வழியில் ஆம்பூர், வாணியம்பாடி வருவதால் பிரியாணிப் பேச்சு வராமல் இருக்காது. போகும்போது வேண்டாம், திரும்பும்போது சாப்பிடுங்கள். சீரகச் சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும் வயிற்றில் இருக்க, 14 வளைவுகளில் பின்சீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வாந்தி வரும் என்று தெரிந்தவர் அடிவாரத்துக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும். போனைப் பார்க்கக் கூடாது. அந்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதால் ஓட்டுகிறவர் அதைத் தொடவே கூடாது.

ஜலகாம்பாறை அருவியை ஏலகிரிப் பட்டியலில் போடுவார்கள். அது மலையின் மறுபக்கம், திருப்பத்தூரிலிருந்து சாலை வழியாகச் சேரும் இடம். நிலாவூரிலிருந்து இறங்கும் காட்டுப்பாதைக்கும் அனுமதி வேண்டும். அதில் இறங்கினால் திரும்பி ஏறாமல், கீழே வண்டியை வரச் சொல்லிவிடுவதே புத்திசாலித்தனம். பிப்ரவரிக்கு மேல் அருவி வற்றிவிடும். சுவாமிமலையையும் ஜலகாம்பாறையையும் ஒரே நாளில் அடக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் அரைகுறையாகும்.

திருமலை: படியேறிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்

உடம்பை வருத்தி ஏற வேண்டும் என்று கேட்கிற செட்டுக்கு நான்கில் சரியான ஏற்றம் இதுதான். அலிபிரியிலிருந்து 3,550 படிகள், சுமார் 9 கிலோமீட்டர். திருப்பதி நகரம் 160 மீட்டர் வாக்கில், திருமலை 850 மீட்டர் வாக்கில். ஆக ஏறும் உயரம் கிட்டத்தட்ட 700 மீட்டர். சுவாமிமலையைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனாலும் பாதை முழுவதும் கல் பாவியது, பெரும்பகுதிக்குக் கூரை உண்டு, குடிநீர்க் குழாய், கழிப்பறை, கடைகள் உண்டு. வழி தவறவே முடியாது. காலில் சத்து இருந்தால் போதும், காட்டு அனுபவம் தேவையில்லை.

ஏற்றம் சமமாக இருக்காது. பாதையில் வரும் காலி கோபுரம் என்ற கோபுரம் வரை முதல் இரண்டாயிரம் சொச்சம் படிகள் நெஞ்சைப் பிடிக்கும். அங்கே வேகம் காட்டுகிறவர்தான் பிறகு உட்கார்ந்துவிடுவார். அதன்பின் நெடுந்தூரம் சமதளம், மான் பூங்காவை ஒட்டிய நடை, கொஞ்சம் சாலையோரம். கடைசியில் மோகால மிட்டா என்ற செங்குத்துப் படிகள். முழங்கால் பிடிப்பது இங்கேதான். நடுத்தர வேகத்தில் மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பில்லாமல் ஏறுகிறவர்கள் பலர். பத்து மணிக்குமேல் கூரையில்லாத இடங்களில் கல் சுடும். அதனால் அதிகாலை ஏற்றமே சரி. பாதை விடிவதற்கு முன் நான்கு மணி வாக்கில் திறக்கும். மாதவரத்தில் இரவு பதினொரு மணி வாக்கில் பேருந்து ஏறினால் அந்த நேரத்துக்குத் திருப்பதியில் இருக்கலாம். காலை சப்தகிரி எக்ஸ்பிரஸில் போவது வசதி, ஆனால் அலிபிரிக்கு வரும்போது பத்தரை. கார்த்திகை, மார்கழியில் பரவாயில்லை. சித்திரையில் வேண்டாம்.

இன்னொரு பாதை ஸ்ரீவாரி மெட்டு: சீனிவாச மங்காபுரம் பக்கத்திலிருந்து 2,388 படிகள், தூரம் இரண்டு கிலோமீட்டர் சொச்சம். குறுகிய, செங்குத்தான பாதை. ஒன்றரை மணி நேரத்தில் முடியும், பகலில் மட்டும் திறந்திருக்கும். ஆந்திர வெயிலில் நேரம் மிச்சப்படுத்த வேண்டுமென்றால் இது. நடக்கவே வந்திருக்கிறோம் என்றால் அலிபிரி.

2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதிலிருந்து சிறு பிள்ளைகளைப் பிற்பகலுக்குமேல் பாதையில் விடுவதில்லை, மற்றவர்களைக் கூட்டமாகப் போகச் சொல்கிறார்கள். செட்டில் யாராவது பிள்ளையைக் கூட்டிவந்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள். படியோரப் புதரில் இறங்கி செல்ஃபி எடுக்கிற வேலை யாருக்கும் வேண்டாம்.

மேலே போனபின் ஊர் சுற்ற நிறைய இருக்கிறது. சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவு, ஆகாச கங்கை, பாபவிநாசம், காட்டுக்குள் இறங்கி நடக்கும் ஜாபாலி தீர்த்தம், ஊரைக் கீழே காட்டும் ஸ்ரீவாரி பாதாலு. பாபவிநாசம் சாலையை மாலையில் மூடிவிடுவார்கள், அதை முதலில் முடியுங்கள். மலைச்சாலையில் பாறை அடுக்குகள் இரண்டு காலங்களாகப் பிரிந்து நிற்கும் ஓரிடம் தேசியப் புவியியல் சின்னம். பேருந்தில் இறங்கும்போது ஜன்னலோரம் இருப்பவர் பார்க்கலாம்.

தரிசனத்தை இதே நாளில் சேர்ப்பதா? வார இறுதியில் இலவச வரிசையில் நின்றால் நாள் அங்கேயே கரையும். எப்போது வெளியே வருவீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. 300 ரூபாய் டிக்கெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே இணையத்தில் எடுத்திருந்தால் சேர்க்கலாம். வேட்டி, புடவை, துப்பட்டாவுடன் சுடிதார் என்ற உடை விதி உண்டு. ஜீன்ஸில் ஏறுகிறவர் பையில் வேட்டியைச் சுருட்டி வைத்திருக்க வேண்டும். வடசென்னையில் பல மதத்தவரும் கலந்த செட்டுகள் சாதாரணம். தரிசனத்துக்கு வேற்று மதத்தவர் கையெழுத்திட வேண்டிய உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. அதை வாசலில் போய்ப் பேசாமல், கிளம்பும் முன்பே பேசி, நடையும் ஊர் பார்ப்பதும் மட்டும் என்று முடிவு செய்துகொள்வது எல்லாருக்கும் மரியாதை. மலைமேல் அசைவம், சிகரெட், சரக்கு எதுவும் கூடாது. அலிபிரி சோதனையில் பையைத் திறப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலும் கூடாது, ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். ‘ஜாலியா இருக்கணும் மச்சான்’ என்பதற்கு உங்கள் செட்டில் சரக்கு என்று பொருளானால் திருமலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சண்டை வராது.

இறங்குவது பேருந்தில். படியில் இறங்கினால் முழங்காலுக்கு ஒவ்வொரு படியும் ஓர் அடி; மறுநாள் வீட்டு மாடிப்படி இறங்க முடியாது. சொந்த வண்டியை மேலே கொண்டுபோனால், இறங்கும்போது குறைந்தபட்ச நேரக் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே கீழே வந்தால் அபராதம். வாடகை வேன் என்றால் மஞ்சள் போர்டுக்கு ஆந்திர பர்மிட் கட்ட வேண்டும். பேசிய வாடகையில் அது சேர்ந்ததா என்று முன்பே கேளுங்கள். தகராறெல்லாம் எல்லைச் செக்போஸ்டில்தான் தொடங்கும்.

ஏற்காடு: இரண்டு இரவைக் கொடுத்தால் ஒரு முழு நாள்

சேலத்துக்கே 330 கிலோமீட்டருக்கு மேல். காரில் ஒரே நாளில் போய் வருவது ஓட்டுகிறவரைக் கொல்லும் வேலை. அதை யோசிக்கவே வேண்டாம். ரயிலில் மட்டும் கணக்கு சரியாக வருகிறது. இரவு பதினொரு மணி வாக்கில் சென்ட்ரலில் கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் அதிகாலை நான்கு மணியை ஒட்டிச் சேலத்தில் விடும். பேருந்து நிலையம் போய், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏழு, ஏழரைக்கு மேலே இருக்கலாம். இரவு பத்து மணி வாக்கில் அதே வண்டி சேலத்தில் திரும்புகிறது. ஆக மலையில் பத்து, பன்னிரண்டு மணி நேரம். இரவுப் பேருந்தில் போகும் திருமலையைத் தவிர மற்ற இரண்டிலும் இது கிடைக்காது. விலை என்னவென்றால் இரண்டு இரவும் ரயில் படுக்கை, திங்கள் விடியலில் சென்ட்ரல். ஸ்லீப்பர் உறுதியாகாமல் காத்திருப்புப் பட்டியலோடு கிளம்பினால் இந்தத் திட்டம் முழுதும் கவிழும், ஏனென்றால் தூக்கத்தின்மேல்தான் அது நிற்கிறது.

குளிர் வேண்டுமென்றால் இதுதான் இடம். 1,500 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், அடிவாரத்தைவிட எட்டு டிகிரி வாக்கில் குறைவாக இருக்கும். ஏலகிரியிலும் திருமலையிலும் நான்கைந்து. இந்தக் கழித்தலை ராயபுரத்து வெயிலிலிருந்து செய்யாதீர்கள், அடிவாரத்திலிருந்து செய்யுங்கள். மே மாதப் பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்ட காசிமேட்டைவிட வேலூரும் திருப்பதியும் நான்கைந்து டிகிரி அதிகம் கொதிக்கும். அதில் நான்கைந்து கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். கோடையில் ஏலகிரிக்குப் போனவர்கள் ‘என்னடா இது, நம்ம ஊர் மாதிரியே இருக்கு’ என்பதன் காரணம் அதுவே.

மலையேற்றத்தில் ஏற்காடு சுமார்தான். சேர்வராயன் உச்சி 1,623 மீட்டர், ஆனால் கோயில் வரை சாலை போகிறது. கிளியூர் அருவிக்கு இறங்கும் படிகள் மழையில் பாசி பிடித்து வழுக்கும். ஏரி நிரம்பி வழிந்தால்தான் அருவியில் தண்ணீர், அதனால் ஏரியைப் பார்த்துவிட்டு அருவிக்குப் போவதா என்று முடிவு செய்யுங்கள். காபித் தோட்டங்களுக்குள் நடக்கலாமே என்று தோன்றும். அவை தனியார் நிலம், கேட்டுவிட்டு நுழைய வேண்டும். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், ஆர்க்கிட் தோட்டம், ஏரி எல்லாவற்றையும் ஆட்டோ பேசி அரை நாளில் பார்க்கலாம். மே மாதக் கோடை விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஜவ்வாது மலை

சொந்த வண்டியும், மலைச்சாலையில் கை பழகிய ஓட்டுநரும் இருந்தால் மட்டும். வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய், போளூர் வழியாக இறங்கலாம். காவலூர் வேணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி இந்த மலையில்தான் இருக்கிறது. பார்வையாளர்களைச் சனிக்கிழமை அனுமதிப்பது வழக்கம், ஆகவே ஞாயிறு செட்டுக்கு அது இல்லை. பீமன் அருவி, கோமுட்டேரி படகு, தேன், சாமை. ஊர் அமைதி, கூட்டம் குறைவு. கடைகளும் குறைவு, போன் சிக்னல் பல இடங்களில் கிடையாது. பெட்ரோலை ஆலங்காயத்திலோ போளூரிலோ நிரப்பிவிடுங்கள். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும். அங்கே புகையும் வாசனைத் தெளிப்பும் ஆபத்து. போக எட்டு மணி, வர எட்டு மணி என்றாகிவிடும் ஊரில்லை இது, ஆனால் ஒரு இரவு தங்கினால்தான் ருசிக்கும். ஒரு நாளுக்கு எங்கள் வாக்கு இல்லை.

தடா, நாகலாபுரம் பெயரை யாராவது எடுப்பார்கள். தூரத்தில் வடசென்னைக்கு அவை இன்னும் பக்கம், உண்மைதான். ஆனால் அவை ஓடையும் பாறைக்குளமும் உள்ள காடுகள், சுற்றிப் பார்க்க ஊர் இல்லை. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். ஆழம் தெரியாத குளத்தில் குதித்து இறந்தவர்கள் அங்கே பலர். ஆந்திர வனத்துறை திடீரென்று மூடிவிடுவதும் உண்டு.

யாருக்கு எது

முதல்முறை போகிற, நடை பழகாத இருவராவது உள்ள செட்டுக்கு ஏலகிரி. நான்கு பேர் என்றால் ரயில், ஏழெட்டுப் பேர் என்றால் வேன். இரண்டு காராகப் பிரிந்தால் ஒன்றையொன்று தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போகும். கையில் காசு குறைவு, காலில் தெம்பு அதிகம் என்றால் திருமலை. இரண்டு மாதம் முன்பே டிக்கெட் எடுக்கும் ஒழுக்கம் உள்ள செட்டு ஏற்காட்டுக்குப் போகலாம். ஏலகிரிக்கும் திருமலைக்கும் நடுவில் தடுமாறினால் மாதத்தைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஏலகிரி பசுமையாக இருக்கும், ஆனால் பிற்பகலில் இடிமழை கட்டும், இரண்டு மணிக்குள் சுவாமிமலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். மொட்டை உச்சியில் மின்னல் விளையாட்டல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் புயல் சின்னம் என்றால் திருப்பதிப் பக்கமும் அடித்துக் கொட்டும், மலைச்சாலையில் பாறை சரியும். அப்போது உள்நாட்டில் இருக்கும் ஏலகிரி தேவலாம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுப்பாதைகள் மூடியிருக்க, திருமலைப் படிகள் மட்டும் திறந்திருக்கும்.

பைக்கில் போகிறோம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்கூட்டரில் இருவர் உட்கார்ந்து மலையிறங்காதீர்கள். கியர் வண்டியை இரண்டாம் கியரில் போட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் எல்லாப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். ஏழெட்டு வளைவுக்குள் டிரம் சூடேறி, கருகிய வாடை வரும், பிறகு பிரேக்கை அழுத்தினாலும் பிடிக்காது. வாடை வந்தால் ஓரங்கட்டி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. வளைவில் ஏறி வருகிற வண்டிக்கே முதல் வழி.

நடையில் செட்டு பிரிவதுதான் வழக்கமான தொல்லை. வேகமாக நடப்பவர் முன்னே போய்விடுவார், மெதுவானவர் மூச்சு வாங்க வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வு முடித்துக் கிளம்புவார்கள்; அவருக்கு ஓய்வே கிடைக்காது. மெதுவானவரை முன்னால் விடுங்கள், அனுபவசாலி கடைசியில் வரட்டும். ‘எங்கே இருந்தாலும் இத்தனை மணிக்குத் திரும்புகிறோம்’ என்று கீழேயே பேசிவிடுங்கள். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே வியர்த்தால் தலை கிறுகிறுக்கும், கெண்டைக்கால் பிடிக்கும். ஆளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் கொஞ்சம் உப்புக் கடலையும் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை பாலித்தீன் கவரில் கையில் தொங்கவிட்டால் ஏலகிரியிலும் திருமலையிலும் குரங்கு அதை உங்களிடமிருந்து வாங்கிவிடும், பைக்குள் போடுங்கள்.

திரும்பும் ரயிலை முதலில் எடுத்துவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள். ஜோலார்பேட்டையில் ஐந்தரை, ஆறு மணி வாக்கில் வரும் பிருந்தாவனைப் பிடிக்க அத்தனாவூரிலிருந்து நான்கு மணிக்கே இறங்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சற்றுமேல் சென்ட்ரல், நிதானமாக வீடு போகலாம். ஏழு மணிக்குமேல் வரும் கோவை எக்ஸ்பிரஸ் என்றால் மலையில் ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கும், ஆனால் சென்ட்ரலுக்குப் பத்தரைக்கு மேல். விம்கோ நகர் பக்கம் போகும் கடைசி மெட்ரோ பதினொரு மணியை ஒட்டி. ரயில் அரை மணி நேரம் தாமதித்தால் அது போய்விடும், பிறகு திருவொற்றியூருக்கு ஆட்டோதான். அந்த நேரத்தில் மீட்டர் பேச்சு எடுபடாது, மூன்று பேராகச் சேர்ந்து ஏறுங்கள்.